நல்ல சோயா விதை எப்படிப் பிறக்கிறது?

ஜூன் மாதம் முடியப் போகிறது. மத்தியப் பிரதேசத்தில் மால்வா என்று ஒரு பகுதி இருக்கிறது. இந்தூர், உஜ்ஜயின், தேவாஸ் ஆகிய ஊர்கள் அங்கேதான் உள்ளன. எங்கு பார்த்தாலும் கரிசல் மண். முதல் மழை பெய்து மண் குளிர்ந்துவிட்டது. உழவர் வீடுகளில் ஒரே பரபரப்பு. விதை மூட்டையைப் பிரிக்கிறார்கள். கையில் அள்ளிப் பார்க்கிறார்கள். உருண்டையான மஞ்சள் நிற விதை. இதுதான் சோயா.

ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 30 கிலோ விதை வேண்டும். விலை கொடுத்து வாங்கினால் அது பெரிய செலவு. அந்த விதை சரியில்லை என்றால் என்ன ஆகும்? பாதி முளைக்காது. அல்லது முளைத்து வளர்ந்து, பிறகு நோயில் விழும். மறுபடி விதைக்கலாம் என்றால் பணம் வேண்டும். பணம் கிடைத்தாலும் நாள் போய்விடும். மழைக்காலம் ஆண்டுக்கு ஒன்றுதான். எனவே அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சாப்பாட்டுப் பிரச்சினை.

அந்த மூட்டைக்குள் இருக்கும் ரகத்தை யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதற்குப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஏன் இவ்வளவு காலம் ஆகிறது?

முதலில் சோயாவைத் தெரிந்துகொள்வோம். கடையில் மீல் மேக்கர் என்று கேட்டு வாங்குகிறோம் அல்லவா? அது சோயாவில் செய்ததுதான். சோயாவை ஆலையில் கொடுத்து எண்ணெய் எடுக்கிறார்கள். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் மீல் மேக்கர் செய்கிறார்கள். மிஞ்சும் புண்ணாக்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது. 100 கிலோ சோயாவில் ஏறக்குறைய 40 கிலோ புரதம் இருக்கிறது. 18 முதல் 20 கிலோ எண்ணெய் இருக்கிறது. பருப்பு வகையும் இதுதான், எண்ணெய் வித்தும் இதுதான். நம் நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்துதான் வருகிறது. எனவே சோயா நன்றாக விளைந்தால் நாட்டுக்கே நல்லது.

சோயா பிறந்த நாடு சீனா. நம் நாட்டிலும் பழைய காலம் முதல் கறுப்புச் சோயா இருந்தது. இமயமலைப் பக்கம் குமாவோன் மக்கள் அதை ‘பட்’ என்று சொல்லிப் பருப்பாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் அதற்குக் ‘காலீத்தூர்’ என்று பெயர். மஞ்சள் சோயா 1960-களில் அமெரிக்காவில் இருந்து வந்தது. பந்த்நகர், ஜபல்பூர் ஆகிய ஊர்களில் உள்ள வேளாண் பல்கலைக்கழகங்கள் அதை விதைத்துப் பார்த்தன. 1967-இல் சோயாவுக்கு என்று ஒரு அகில இந்திய ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 1987-இல் இந்தூரில் ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் வந்தது.

அந்தக் காலத்தில் மால்வா உழவர்கள் பலர் மழைக்காலத்தில் நிலத்தைச் சும்மா போட்டுவிடுவார்கள். மழையில் கரிசல் மண் பிசின் போல ஒட்டும். ஏர் இறங்காது. மழை நின்ற பிறகு கோதுமையோ கொண்டைக்கடலையோ விதைப்பார்கள். சோயா வந்த பிறகு அந்தச் சும்மா கிடந்த நிலத்தில் மழைக்காலத்திலும் ஒரு பயிர் கிடைத்தது. ஏழை வீட்டில் தீபாவளிக்கு முன்பே கையில் கொஞ்சம் காசு வந்தது. அதனால்தான் சோயா இவ்வளவு வேகமாகப் பரவியது. இப்போது நாடு முழுவதும் ஏறக்குறைய 3 கோடி ஏக்கரில் சோயா விளைகிறது. மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிரமும்தான் இதில் பெரிய மாநிலங்கள்.

ஆனால் விளைச்சல்? நம் நாட்டில் சராசரியாக ஒரு ஏக்கருக்கு 4 முதல் 5 குவிண்டால்தான். உலகச் சராசரியோ 10 குவிண்டாலுக்கு மேல். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பல. நமக்கு மழையை நம்பிய விவசாயம். பயிருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 100 நாள்தான். நோயும் பூச்சியும் உண்டு. சில நிலங்களில் தண்ணீர் தேங்கும். நல்ல ரகம் இதில் ஒரு பங்குதான். “இந்த விதையைப் போடுங்கள், விளைச்சல் இரண்டு மடங்கு” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனாலும் அந்த ஒரு பங்கு சின்னப் பங்கு அல்ல.

பெரிய செடி ஏமாற்றும்

அதிக விளைச்சல் தரும் செடியைக் கண்டுபிடிப்பது எளிது என்று தோன்றும். வயலில் நடந்து போக வேண்டியது. எந்தச் செடியில் காய் அதிகமோ அதன் விதையை எடுத்து வைக்க வேண்டியது. அவ்வளவுதானே?

ஒரு வீட்டில் இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுவடைக்கு முன்பு கணவனும் மனைவியும் வயலைச் சுற்றிப் பார்க்கிறார்கள். வரப்பு ஓரத்தில் ஒரு செடி புதர் போல நிற்கிறது. மனைவி காய்களை எண்ணுகிறாள்.

“இங்கே பாருங்கள். இந்த ஒரு செடியில் மட்டும் 80 காய் இருக்கிறது. இதைத் தனியாக எடுத்து விதைக்கு வைப்போமா?”

“வைப்போம். அடுத்த வருஷம் எல்லாச் செடியும் இப்படி வந்தால் கடனை அடைத்துவிடலாம்.”

ஆசை நியாயமானதுதான். ஆனால் அடுத்த ஆண்டு அப்படி வராது. ஏன்? ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ஒரு ஏக்கரில் சோயாச் செடி எத்தனை இருக்கும்? ஏறக்குறைய 1 லட்சத்து 60 ஆயிரம். விளைச்சல் 5 குவிண்டால், அதாவது 500 கிலோ. 500 கிலோவை 1 லட்சத்து 60 ஆயிரம் செடிக்குப் பங்கு போட்டால் ஒரு செடிக்கு எவ்வளவு வரும்? 3 கிராம்தான். 100 சோயா விதை ஏறக்குறைய 12 கிராம் இருக்கும். அப்படி என்றால் 3 கிராம் என்பது 25 விதை. காய்க்கு இரண்டு, மூன்று விதை இருக்கும். ஆக, ஒரு செடிக்குப் பத்துக் காய், பன்னிரண்டு காய்.

எல்லாச் செடிக்கும் பத்துப் பன்னிரண்டு காய் என்றால், அந்த ஒரு செடிக்கு மட்டும் 80 காய் எப்படி வந்தது? அது வரப்பு ஓரத்துச் செடி. ஒரு பக்கம் பக்கத்துச் செடி இல்லை. வெயில் தாராளமாகக் கிடைத்தது. வேருக்கு இடம் கிடைத்தது. ஒருவேளை அந்த இடத்தில் முன்பு எருக்குவியல் இருந்திருக்கும். அந்தச் செடியின் பலம் பெரும்பாலும் அதன் இடத்தின் பலம். இடத்தின் பலம் விதைக்குள் போகாது. பிறவிக் குணம் மட்டுமே விதைக்குள் போகும்.

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்று சொல்வார்கள். சோற்றுக்கு அது சரி. சோயா வயலுக்குச் சரிப்படாது. ஒரு செடியைப் பார்த்து விளைச்சலைச் சொல்ல முடியாது. ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் படும் பாடு எல்லாம் இதனால்தான். எது இடத்தின் பலம், எது பிறவிக் குணம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் பல ஆண்டுகள் ஆகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. சில குணங்களைக் கண்ணால் உடனே பார்த்துவிடலாம். பூவின் நிறம் அப்படிப்பட்டது. சோயாப் பூ ஊதாவாக இருக்கும், அல்லது வெள்ளையாக இருக்கும். மழை வந்தாலும் வராவிட்டாலும் ஊதா ஊதாதான். விளைச்சல் அப்படி அல்ல. காய் எத்தனை, காய்க்குள் விதை எத்தனை, விதையின் எடை எவ்வளவு, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் விளைச்சல். ஒன்று கூடினால் பல நேரம் இன்னொன்று குறையும். காய் அதிகம் வந்தால் விதை சிறுத்துவிடும். இவை எல்லாவற்றையும் மழையும் மண்ணும் ஆட்டி வைக்கும்.

பூவுக்குள் கல்யாணம்

புது ரகம் வேண்டும் என்றால் முதலில் இரண்டு ரகங்களைச் சேர்க்க வேண்டும். ஒரு ரகம் நன்றாகக் காய்க்கும், ஆனால் வயதுக்கு வர நாள் ஆகும். இன்னொரு ரகம் சீக்கிரம் முதிரும், ஆனால் காய் குறைவு. இரண்டையும் சேர்த்தால் இரண்டின் நல்ல குணமும் ஒரே செடியில் வரலாம். வரலாம் என்றுதான் சொல்ல முடியும். இரண்டின் கெட்ட குணமும் ஒரே செடியில் வருவது உண்டு.

சோயாப் பூ மிகவும் சிறியது. ஒரு அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் ஆண் பாகமும் உண்டு, பெண் பாகமும் உண்டு. பூ விரிவதற்கு முன்பே மகரந்தத் தூள் அதே பூவின் பெண் பாகத்தில் விழுந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கல்யாணம் முடிந்த மாதிரி! வெளியில் இருந்து தேனீ மகரந்தம் கொண்டுவந்து கலப்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

எனவே இரண்டு ரகங்களைச் சேர்க்க வேண்டும் என்றால் மனிதர்தான் உள்ளே புக வேண்டும். நாளை மலரப் போகும் மொட்டை எடுத்துக்கொள்கிறார்கள். மெல்லிய இடுக்கியால் பச்சை இதழ்களை நீக்குகிறார்கள். பூ இதழ்களையும் நீக்குகிறார்கள். உள்ளே பத்து ஆண் இழைகள் இருக்கும். அவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். நடுவில் நிற்கும் பெண் பாகத்தில் நகம் பட்டால்கூட எல்லாம் வீண். பிறகு மற்ற ரகத்தின் பூவில் இருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்து மெதுவாகத் தடவுகிறார்கள். ஒரு சீட்டில் தேதியை எழுதிக் கட்டுகிறார்கள்.

இவ்வளவு செய்தும் பல மொட்டுகள் உதிர்ந்துவிடும். சோயாவில் சாதாரணமாகவே பாதிக்கு மேற்பட்ட பூக்கள் உதிரும். கை பட்ட பூ இன்னும் அதிகமாக உதிரும். மிஞ்சும் காயில் ஒன்று முதல் மூன்று விதைகள் இருக்கும். ஒரு நாள் முழுவதும் குனிந்து நின்று வேலை செய்தால் கைப்பிடி விதைகூடச் சேராது.

அந்த விதை உண்மையிலேயே கலப்பு விதைதானா? ஒருவேளை மொட்டுக்குள் முன்பே கல்யாணம் முடிந்திருந்தால்? இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. வெள்ளைப் பூ ரகத்தைத் தாயாக வைத்துக்கொள்வார்கள். ஊதாப் பூ ரகத்தில் இருந்து மகரந்தம் எடுப்பார்கள். ஊதா நிறம் வெள்ளையை அடக்கிவிடும். எனவே அடுத்த ஆண்டு அந்த விதை முளைத்து ஊதாப் பூ பூத்தால் அது கலப்பு. வெள்ளை பூத்தால் ஏமாற்றம், பிடுங்கிப் போட வேண்டியதுதான். பூக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஊதாப் பூ ரகத்தின் நாற்று முளைக்கும்போதே அதன் தண்டில் ஊதாச் சாயல் தெரியும்.

ஆறு தலைமுறை

கலப்புச் செடியில் இருந்து கிடைக்கும் விதையை அடுத்த ஆண்டு விதைக்கிறார்கள். அப்போதுதான் வேடிக்கை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை அல்லவா? அதுபோல ஒரு செடி குட்டை. ஒரு செடி நெட்டை. ஒன்று 85 நாளில் முதிரும். ஒன்று 110 நாள் ஆகும். ஆயிரம் செடி இருந்தால் ஆயிரமும் வேறு வேறு.

இந்த நேரத்தில் விளைச்சலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வரப்பு ஓரத்துச் செடிக் கதைதான். எனவே அனுபவம் உள்ளவர்கள் அவசரப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் குறையை மட்டும் பார்த்துக் கழிக்கிறார்கள். காற்றில் சாய்ந்துவிடும் செடி வேண்டாம். மிகவும் தாமதமாக முதிரும் செடி வேண்டாம். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக மாறிய செடி வேண்டாம். அது மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் நோய். அது வந்தால் காய் பிடிப்பதே குறைந்துபோகும்.

காய் வெடித்துச் சிதறும் செடியும் வேண்டாம். இது முக்கியமான குறை. முதிர்ந்த காய் வெயிலில் காய்ந்ததும் பட்டென்று வெடித்து விதை தரையில் கொட்டிவிடும். அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் சில நாள் தள்ளிப்போனால் போதும். உழைத்த உழைப்பு எல்லாம் எறும்புக்கும் புறாவுக்கும் போய்விடும். பெரிய நிலக்காரர் இயந்திரம் வைத்து ஒரே நாளில் அறுத்துவிடுவார். கூலி ஆளுக்குக் காத்திருக்கும் சிறு உழவருக்குத்தான் நட்டம். எனவே வெடிக்காத காய் என்பது ஏழைக்கு மிகவும் வேண்டிய குணம்.

மிஞ்சிய ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனிப் பையில் போட்டு எண் எழுதுகிறார்கள். அடுத்த ஆண்டு ஒரு செடியின் விதைக்கு ஒரு சால். அதாவது ஒரு தாயின் பிள்ளைகள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். இனி ஒரு செடியைப் பார்ப்பதில்லை. வரிசையைப் பார்க்கிறார்கள். வரிசை முழுவதும் நன்றாக இருந்தால் அது பிறவிக் குணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சோயா தனக்குள்ளேயே சூல் கொள்ளும் செடி என்று பார்த்தோம். அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வரும். முதல் தலைமுறையில் கலப்பு 100 என்று வைத்துக்கொண்டால், அடுத்தது 50. பிறகு 25. பிறகு 12. பிறகு 6. ஆறாவது தலைமுறையில் 3. அப்போது ஒரு வரிசையில் உள்ள செடிகள் எல்லாம் அச்சில் வார்த்தது போல இருக்கும். இதைத்தான் ஒரு கால்வழி என்கிறோம். இனி இதன் விதையை எத்தனை ஆண்டு விதைத்தாலும் குணம் மாறாது.

ஒரு ஆண்டுக்கு ஒரு மழைக்காலம். ஆறு தலைமுறைக்கு ஆறு ஆண்டு. கோடையிலும் தண்ணீர் பாய்ச்சி ஒரு முறை விதைத்து, ஒன்றிரண்டு ஆண்டைக் குறைப்பதும் உண்டு.

எடை போடும் வேலை

இப்போது கையில் சில பத்துக் கால்வழிகள் இருக்கின்றன. இனிமேல்தான் விளைச்சலை எடை போட வேண்டும்.

புதுக் கால்வழிக்குப் பக்கத்தில், உழவர்கள் இப்போது விதைக்கும் நல்ல ரகத்தையும் விதைக்கிறார்கள். அதுதான் அளவுகோல். அதைத் தோற்கடிக்காத கால்வழிக்கு வேலை இல்லை. நிலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு மூலை தாழ்வாக இருக்கும், அங்கே தண்ணீர் தேங்கும். எனவே ஒவ்வொரு கால்வழியையும் வயலில் மூன்று, நான்கு இடங்களில் விதைக்கிறார்கள். எது எந்த இடத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல முடிவு செய்கிறார்கள். யாரும் தனக்குப் பிடித்ததை நல்ல மண்ணில் வைத்துவிட முடியாது. அறுவடையின்போது ஓரத்து வரிசைகளை விட்டுவிடுகிறார்கள். நடு வரிசைகளை மட்டும் அறுத்து எடை போடுகிறார்கள். வரப்பு ஓரத்துச் செடி ஏமாற்றும் என்பது இங்கே யாருக்கும் மறப்பதில்லை. விதையையும் ஒரே அளவு காய வைத்துத்தான் நிறுக்கிறார்கள். ஈர விதை எடை கூடக் காட்டும்.

பிறகு வேறு ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். அகில இந்தியத் திட்டம் நாட்டைப் பல மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், மகாராஷ்டிரத்தின் விதர்ப்பம், மராட்டவாடா ஆகியவை நடு மண்டலத்தில் வரும். மண்டலமாகப் பிரிக்க ஒரு காரணம் உண்டு. சோயா பகல் பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. வடக்கே கோடைக்காலப் பகல் நீளம் அதிகம். தெற்கே குறைவு. வடக்கே நன்றாக விளையும் ரகத்தைத் தெற்கே கொண்டுபோய் விதைத்தால் அது வளர்வதற்கு முன்பே பூத்துவிடலாம். சின்னச் செடியில் எத்தனை காய் பிடிக்கும்?

இப்படி மூன்று ஆண்டுகள் சோதனை நடக்கும். முதல் ஆண்டு பல கால்வழிகள். ஆண்டுக்கு ஆண்டு தோற்றவை கழிந்துபோகும். கடைசியில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். சில ஆண்டுகளில் ஒன்றுகூட மிஞ்சாது.

இங்கே ஒரு கேள்வி. எந்தக் கால்வழி வென்றது என்று எப்படிச் சொல்வது? கணக்குக்காக இரண்டு கால்வழிகளை எடுத்துக்கொள்வோம். எண் 12 ஒரு ஊரில் ஏக்கருக்கு 9 குவிண்டால் தந்தது. மற்ற இரண்டு ஊர்களில் 4, 3. மொத்தம் 16. எண் 40 மூன்று ஊர்களிலும் 6, 6, 5. மொத்தம் 17. பேச்சு எல்லாம் எண் 12-ஐப் பற்றித்தான் இருக்கும். 9 குவிண்டால் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு மழையை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு எண் 40 தான் நல்லது. மோசமான ஆண்டிலும் அது 5 குவிண்டால் தருகிறது. எண் 12-ஐ நம்பியவர் மோசமான ஆண்டில் கடன்காரர் வாசலில் நிற்பார்.

தேறிய கால்வழிக்கு ரகம் என்ற பெயர் கிடைக்கும். அரசு அதை அரசிதழில் அறிவிக்கும்.

முந்நூற்று முப்பத்தைந்து

அப்படி வந்த ரகங்களில் மிகவும் பெயர் பெற்றது ஜே.எஸ். 335. ஜே.எஸ். என்றால் ஜவஹர் சோயாபீன். ஜபல்பூரில் உள்ள ஜவஹர்லால் நேரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகம் அது. ஜே.எஸ். 78-77 என்ற கால்வழியையும் ஜே.எஸ். 71-05 என்ற ரகத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1994-இல் அரசு அறிவித்தது. 100 நாளுக்குள் முதிர்ந்தது. காய் எளிதில் வெடிக்கவில்லை. பல வகை மண்ணிலும் ஓரளவு விளைந்தது. மால்வா முதல் விதர்ப்பம் வரை பரவியது. ஒரு காலத்தில் சோயா என்றாலே பெரும்பாலும் இந்த ரகம்தான்.

ஆனால் ஒரே ரகம் இவ்வளவு நிலத்தில் நிற்பது ஆபத்து. ஒரு நோய் அதைப் பிடித்தால் எல்லா வயலையும் பிடிக்கும். பிறகு மஞ்சள் தேமல் நோய் இதையும் தாக்கியது. உழவர்களின் தேவையும் மாறியது. சோயாவைச் சீக்கிரம் அறுத்தால் நிலத்தில் உருளைக்கிழங்கோ பூண்டோ வைக்கலாம். எனவே குறைந்த நாளில் முதிரும் ரகம் கேட்டார்கள். 2007-இல் ஜே.எஸ். 95-60 வந்தது. குட்டைச் செடி. 85 நாள் அளவில் முதிரும். சில காய்களில் நான்கு விதைகள் இருக்கும். 2014-இல் ஜே.எஸ். 20-34 வந்தது. அதுவும் குறைந்த நாள் ரகம்தான்.

குறைந்த நாள் ரகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. செப்டம்பரில் மழை விடாமல் பெய்தால், முன்னால் முதிர்ந்த பயிர்தான் முதலில் கெடும். காய்க்குள்ளேயே விதை அழுகும், முளைக்கும். 2019-இல் மத்தியப் பிரதேசத்தில் பெய்த பெருமழை சோயாவுக்குப் பெரும் சேதம் செய்தது. ஆகவே விவரம் தெரிந்த உழவர்கள் எல்லா நிலத்திலும் ஒரே ரகத்தைப் போடுவதில்லை. ஒரு பங்கில் குறைந்த நாள் ரகம், ஒரு பங்கில் சற்று நாள் கூடிய ரகம். எந்த மழை வந்தாலும் ஒன்று மிஞ்சும்.

மூட்டையில் உள்ள அட்டை

ரகம் பிறந்தபோது அதன் விதை சில கிலோதான் இருக்கும். அதைப் பெருக்க வேண்டும். ரகத்தை உருவாக்கியவர்களின் மேற்பார்வையில் விளைவது வல்லுநர் விதை. அதற்கு மஞ்சள் அட்டை. அதில் இருந்து வருவது ஆதார விதை. அதற்கு வெள்ளை அட்டை. அதில் இருந்து வருவது சான்று விதை. அதற்கு நீல அட்டை. உழவர் பெரும்பாலும் வாங்குவது நீல அட்டை விதைதான். அட்டையில் ரகத்தின் பெயர், முளைப்புத் திறன், சோதித்த தேதி எல்லாம் இருக்கும். வாங்கும்போது அதைப் படியுங்கள். படிக்கத் தெரிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. ரசீது வாங்குங்கள். அட்டையையும் ரசீதையும் அறுவடை வரை பத்திரமாக வையுங்கள். விதை முளைக்காவிட்டால் புகார் கொடுக்க அவை வேண்டும்.

“இது வீரிய ஒட்டு விதை, ஒவ்வொரு வருஷமும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்” என்று சோயா விதை விற்கிறவர் சொன்னால் நம்ப வேண்டாம். சோளத்திலும் பருத்தியிலும் வீரிய ஒட்டு உண்டு. இங்கே கடைகளில் கிடைக்கும் சோயா ரகங்கள் அப்படிப்பட்டவை அல்ல. சோயா தனக்குள்ளேயே சூல் கொள்வதால் சொந்த வயலில் விளைந்ததையே அடுத்த ஆண்டு விதைக்கலாம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புது விதை வாங்கினால் போதும். 2001-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உரிமையை உழவருக்குத் தருகிறது. விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். கம்பெனிப் பெயர் போட்டு விற்பது மட்டும் கூடாது.

வீட்டு விதைக்கு ஒரு ஜாக்கிரதை வேண்டும். சோயா விதையின் தோல் மிகவும் மெல்லியது. மூட்டையை உயரத்தில் இருந்து தொப்பென்று போட்டாலே உள்ளே முளை அடிபடும். கதிரடிக்கும் இயந்திரத்தை வேகமாக ஓட்டினாலும் அடிபடும். வெளியில் பார்த்தால் விதை நன்றாகவே இருக்கும். மூட்டைக்கு மேல் மூட்டையாக உயரமாக அடுக்கவும் கூடாது. ஈரம் படாத இடத்தில், தரையில் படாமல் பலகை மேல் வைக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் வைத்த சோயா விதையை நம்பி விதைக்கக் கூடாது.

விதைப்பதற்குப் பத்து, பதினைந்து நாளுக்கு முன்பு ஒரு சோதனை செய்து பாருங்கள். மூட்டையின் மேல், நடு, அடி என்று பல இடத்தில் இருந்து விதை எடுங்கள். 100 விதையை எண்ணுங்கள். பொறுக்கி எடுக்க வேண்டாம், கைக்கு வந்ததை எண்ணுங்கள். ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி நிழலில் வையுங்கள். சாக்கு காயாமல் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் பிரித்துப் பாருங்கள். வேரும் முளையும் நல்லபடியாக வந்ததை மட்டும் எண்ணுங்கள். 70-க்குக் குறையாமல் இருந்தால் ஏக்கருக்கு 30 கிலோ போதும். 60 முளைத்திருந்தால் 35 கிலோ வேண்டும். பாதிகூட முளைக்கவில்லை என்றால் அந்த மூட்டையை எண்ணெய் ஆலைக்கு விற்றுவிட்டு, மழைக்கு முன்பே வேறு விதை தேட இன்னும் நாள் இருக்கும்.